குப்பை அள்ள வந்தவரே செடிக்குத் தண்ணீர் ஊற்றினால்? - எண்டோமெட்ரியோசிஸ் கேள்வி பதில்

போன முறை ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, "எண்டோமெட்ரியோசிஸில் (கருப்பை உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் பங்கு உண்டு" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. கோபமான கடிதங்கள்கூட இருக்கின்றன. சரி, இந்த முறை முழுப் பகுதியும் இதற்கே. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

எனக்கு 29 வயது. இரண்டு வருடத்துக்கு முன்பு லேப்ராஸ்கோபி செய்து எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள். நெட்டில் தேடினால் சைட்டோகைன், இன்டர்லூக்கின், டிஎன்எஃப் என்று என்னென்னவோ வருகிறது. இதெல்லாம் என்ன? எனக்கு எதிர்ப்பு சக்தி குறைவு என்று அர்த்தமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை.

சைட்டோகைன் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, உங்கள் உடம்பில் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சின்னச் சின்னப் புரதங்கள்தான். "இங்கே வா", "பெருகு", "புது ரத்தக்குழாய் போடு", "போதும், நிறுத்து" என்று சேதி சொல்கிறவை. இந்தப் பெயரை 1974இல் வைத்தவர் ஸ்டான்லி கோஹன் என்ற ஆராய்ச்சியாளர். இன்டர்லூக்கின்கள் இந்தக் கூட்டத்தில் ஒரு பிரிவு, ஐஎல்-1, ஐஎல்-6, ஐஎல்-8 என்று எண் போட்டு அழைப்பார்கள். டிஎன்எஃப் என்பது கட்டிகளைச் சாகடிப்பதைப் பார்த்து 1975இல் வைத்த பெயர். அதே டிஎன்எஃப், உங்கள் நோயில், சாகவேண்டிய திசு ஒட்டிக்கொள்ளத் துணை போகிறது. அதனால் பெயரை வைத்து எது நல்லது எது கெட்டது என்று முடிவு செய்ய முடியாது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். மாதவிடாய் ரத்தத்தில் ஒரு பகுதி வெளியே வராமல், கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய் வயிற்றுக்குள் விழுகிறது, அதிலிருக்கும் கருப்பை உட்படலத் துணுக்குகள் அங்கே வேர் பிடிப்பதுதான் இந்த நோய் என்று 1927இல் ஜான் சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். பிற்பாடு பார்த்தால், கருக்குழாய் அடைப்பில்லாத பெண்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு ரத்தம் இப்படிப் பின்னோக்கிப் போகிறது. ஆனால் நோய் வருவது, குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்குத்தான். (அதுவே உலகம் முழுக்க 19 கோடி பேர், சின்ன எண்ணிக்கை இல்லை.) அப்படியானால் மற்றவர்களுக்கு அந்தத் துணுக்குகளை யார் கூட்டிப் பெருக்குகிறார்கள்?

மேக்ரோஃபேஜ் என்று ஒரு வகை செல், குப்பையை விழுங்கும். என்.கே. செல்கள் என்று இன்னொரு வகை, இடம் மாறி வந்த செல்களைக் கொல்லும். நோயுள்ள பெண்ணின் வயிற்றறைத் திரவத்தை எடுத்துப் பார்த்தால் மேக்ரோஃபேஜ்கள் குறைவாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? அதிகமாக இருக்கின்றன. கூட்டம் கூட்டமாக வந்திருக்கின்றன, ஆனால் விழுங்குகிற வேலையில் மந்தம். சேதி அனுப்புவதில் மட்டும் ஓயாத சுறுசுறுப்பு. எம்சிபி-1 என்ற சேதியால் இன்னும் ஆட்களை வரவழைக்கின்றன. ஐஎல்-8, விஇஜிஎஃப் இரண்டும் புது ரத்தக்குழாய் முளைக்க வழி செய்கின்றன. ஐஎல்-6, டிஜிஎஃப்-பீட்டா இரண்டும் என்.கே. செல்களின் கையைக் கட்டிப்போடுகின்றன. குப்பை அள்ள வந்த ஆள் அங்கேயே உட்கார்ந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும், அதுதான் நிலைமை.

நியாயமாகச் சொன்னால், அந்த ஆள் வேண்டுமென்றே துரோகம் செய்யவில்லை. காயம் பட்ட இடத்தை ஆற்றுவதும் மேக்ரோஃபேஜின் வேலைதான், ரத்தக்குழாய் போடுவதும் அதில் சேர்த்திதான். மாதவிடாயே ஒரு அழற்சி (வீக்கம், சூடு, வலி என்று உடம்பு காட்டும் எதிர்வினை) நிகழ்ச்சிதான் தெரியுமா? புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இறங்கியதும் கருப்பைக்குள் இதே ஐஎல்-8, வலியைக் கிளப்பும் புராஸ்டாகிளாண்டின் எல்லாம் ஏறி, படலம் உதிர்ந்து, சில நாட்களில் தழும்பே இல்லாமல் ஆறிவிடுகிறது. கருப்பைக்குள் அது ஒழுங்காக முடிந்துபோகும் வேலை. வயிற்றுக்குள் அந்தத் திசு மாதாமாதம் கசிகிறது, வெளியேற வழியில்லை, ரத்தத்திலுள்ள இரும்பு அங்கேயே தேங்கி எரிச்சலைக் கிளப்புகிறது, ஆற்றும் வேலை முடியாமலே அடுத்த கசிவு வந்துவிடுகிறது. திரும்பத் திரும்ப ஆற்றி ஆற்றி அங்கே தழும்புதான் மிச்சம். உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது இப்படித்தான்.

இதில் எது முதல், எது பின் என்று மட்டும் கேட்காதீர்கள். சேதிகள் கெட்டதால் நோய் வந்ததா, நோய் வந்ததால் சேதிகள் கெட்டனவா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்கே ஒருமித்த கருத்து கிடையாது. சாம்ப்சன் சொன்னதும் முழுக் கதை இல்லை, மாதவிடாயே வராத சிறுமிகளிடமும், மிக மிக அரிதாக ஆண்களிடமும்கூட இந்தத் திசு கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், நோய் வரும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையைப் பொறுத்தது என்கின்றன.

எதிர்ப்பு சக்தி குறைவில்லை என்றால், அதிகமா? முடக்குவாதம் போல இதுவும் உடம்பு தன்னைத்தானே தாக்கும் நோயா?

அந்தப் பட்டியலில் இதை மருத்துவம் சேர்க்கவில்லை. முடக்குவாதத்தில் எதிர்ப்பு மண்டலம் சொந்த மூட்டையே தாக்கி அழிக்கிறது. இங்கே தாக்கவேண்டியதைத் தாக்காமல் விட்டு, பக்கத்தில் நின்று புகைந்துகொண்டிருக்கிறது. திரவத்தில் அழற்சியைக் கிளப்பும் ஐஎல்-6 மட்டுமா ஏறியிருக்கிறது, அழற்சியை அடக்கும் ஐஎல்-10 கூடத்தான் பல ஆய்வுகளில் ஏறியிருக்கிறது. கூட்டலா கழித்தலா என்று கேட்டால் பதில் கிடைக்காது, சேதி தப்பாகப் போகிறது என்பதுதான் சங்கதி.

ஆனால் இந்த இரண்டு நோய்க் குடும்பத்துக்கும் ஏதோ தூரத்து உறவு இருக்கிறது. பிரிட்டனின் யூகே பயோபேங்க் என்ற பெரிய மருத்துவத் தரவுத் தொகுப்பை வைத்து 2025இல் வந்த ஓர் ஆய்வில், எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு முடக்குவாதம், சீலியாக், சோரியாசிஸ் போன்ற நோய்கள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 30 முதல் 80 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது. இந்தச் சதவீதத்தைப் பார்த்து மிரள வேண்டாம். நூற்றில் ஒருவருக்கு வருகிற நோய் 80 சதவீதம் கூடினால், நூற்றில் இரண்டு பேருக்குக்கூட வரவில்லை என்றுதான் கணக்கு.

என் அக்காவுக்கு நாலாம் நிலை, பெரிய சாக்லேட் கட்டி, ஆனால் வலி என்று ஒருநாள் படுத்ததில்லை. எனக்கு முதல் நிலைதானாம், நானோ மாதத்தில் பத்து நாள் சுருண்டு கிடக்கிறேன். வீட்டில் நான் நடிக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

இந்தப் பதிலை அப்படியே வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஒன்று முதல் நாலு வரையிலான அந்த நிலைகள் வலியை அளக்க வைத்த அளவுகோல் அல்ல. அறுவை சிகிச்சையின்போது கண்ணுக்குத் தெரியும் திட்டுகளின் (வேர் பிடித்து வளர்ந்த அந்தத் திசுவின்) அளவு, ஆழம், ஒட்டுதல்கள், இவற்றுக்குப் புள்ளி போட்டுக் கூட்டிய எண், அவ்வளவுதான். வலிக்கும் அந்த எண்ணுக்கும் பெரிய சம்பந்தமில்லை என்பது மருத்துவர்களுக்குப் பல காலமாகத் தெரியும்.

வலியைத் தீர்மானிப்பது திட்டு எங்கே இருக்கிறது, அதைச் சுற்றி என்ன சேதி ஓடுகிறது என்பதுதான். திட்டுக்குள் ரத்தக்குழாயோடு சேர்ந்து நரம்பு இழைகளும் புதிதாக முளைக்கின்றன, அதைத் தூண்டுவதற்கென்றே என்ஜிஎஃப் என்று ஒரு நரம்பு வளர்ச்சிப் புரதம் இருக்கிறது. ஐஎல்-1, டிஎன்எஃப், புராஸ்டாகிளாண்டின் எல்லாம் நரம்பு நுனிகளின் வாசலைத் தாழ்த்திவிடுகின்றன, அதாவது முன்பு வலியாகத் தெரியாத சின்ன அழுத்தம்கூட இப்போது வலியாகத் தெரியும். மேக்ரோஃபேஜ்கள் நரம்பைச் சுற்றி வந்து உட்காருகின்றன, நரம்பும் பதிலுக்குச் சேதி அனுப்பி இன்னும் மேக்ரோஃபேஜ்களை அழைக்கிறது. கடுகளவு திட்டு, ஆனால் நரம்பு நெரிசலான இடம், என்றால் போதும். உங்கள் அக்காவின் பெரிய கட்டி சினைப்பைக்குள் சத்தமில்லாமல் இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வருடக்கணக்கில் வலிச் சேதி போய்க்கொண்டே இருந்தால் தண்டுவடமும் மூளையும் அதற்குப் பழகி, ஒலியைக் கூட்டி வைத்த ரேடியோ மாதிரி ஆகிவிடும். அப்புறம் திட்டை வெட்டி எடுத்த பிறகும் வலி கொஞ்சம் மிச்சமிருக்கலாம், மாதவிடாய் இல்லாத நாட்களிலும் வலிக்கலாம், சிறுநீர்ப்பை, குடல் எல்லாம் சேர்ந்து முரண்டு பிடிக்கலாம். அது நடிப்பில்லை. அதற்கென்று தனி மருந்துகள், இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபி எல்லாம் உண்டு, மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

என் மகளுக்கு 19 வயது. பிரச்சினை எதிர்ப்பு மண்டலத்தில் என்று நீங்கள் எழுதுகிறீர்கள், டாக்டரோ ஹார்மோன் மாத்திரை தருகிறார். யார் சொல்வது சரி? கருத்தடை மாத்திரை அவளுக்கு எதற்கு?

இரண்டு பேரும் சரிதான் அம்மா, ஒரே சக்கரத்தின் இரண்டு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பேசுகிறோம்.

சக்கரம் இப்படிச் சுழல்கிறது. ஐஎல்-1 என்ற சேதி வந்ததும் அந்தத் திட்டிலுள்ள செல்கள் காக்ஸ்-2 என்ற நொதியை உண்டாக்குகின்றன. காக்ஸ்-2 புராஸ்டாகிளாண்டின் இ2 உற்பத்திக்கு வழி விடுகிறது, வலிக்கு முக்கியக் காரணம் இதுதான். இந்தப் புராஸ்டாகிளாண்டின் சும்மா இருக்காமல், அரோமட்டேஸ் என்ற இன்னொரு நொதியை எழுப்புகிறது. அரோமட்டேஸ், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் தயாரிக்கும் நொதி, ஆரோக்கியமான கருப்பைப் படலத்தில் கிட்டத்தட்ட இல்லாதது. ஆக, சினைப்பை கொடுக்கிற ஈஸ்ட்ரோஜன் போதாதென்று திட்டு தனக்குத் தேவையானதைத் தானே காய்ச்சிக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஏறினால் காக்ஸ்-2 மறுபடி ஏறும், மேக்ரோஃபேஜ்களை அழைக்கும் எம்சிபி-1 ஏறும். பழையபடி முதலிலிருந்து.

இதில் எங்கே கட்டை போட்டாலும் சக்கரம் மெதுவாகும். இபுபுரோஃபென், நாப்ராக்சன் மாதிரி மாத்திரைகள் காக்ஸில் கட்டை போடுகின்றன. ஹார்மோன் மாத்திரை ஈஸ்ட்ரோஜன் பக்கம் கட்டை போடுகிறது. கருத்தடைக்கும் அது உதவுகிறது என்பதற்காக அதைக் கருத்தடை மாத்திரையாக மட்டும் பார்க்காதீர்கள், உங்கள் மகளுக்கு அது அழற்சியைத் தணிக்கும் மருந்து. நிறுத்தினால் கருமுட்டை வெளியேறுவது மறுபடி தொடங்கிவிடும், பிற்காலத்தில் குழந்தை பிறப்பதை அது கெடுக்காது.

வலி மாத்திரை பற்றி ஒரு சின்ன விஷயம், பலருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது புராஸ்டாகிளாண்டின் உருவாவதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே உருவானதைத் துடைக்காது. வலி உச்சத்துக்குப் போன பிறகு போட்டுவிட்டு "கேட்கவே இல்லை" என்பதில் பயனில்லை, ஆரம்பிக்கும்போதே போட வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

சரி, ஹார்மோன் எல்லோருக்கும் ஏன் ஒரே மாதிரி கேட்பதில்லை? புரோஜெஸ்டிரோன்தான் கருப்பைக்குள் அழற்சியை அடக்கும் ஆள். ஆனால் திட்டிலுள்ள செல்களில் புரோஜெஸ்டிரோனின் சேதியைக் கேட்கும் ஏற்பிகள் குறைந்துபோயிருக்கின்றன, அந்தக் காது மந்தமானதற்கு நீண்ட நாள் அழற்சியும் ஒரு காரணம். அதனால் ஒரு மாத்திரை ஒத்துவரவில்லை என்றால் அதோடு கதை முடிந்தது என்றில்லை. டைனோஜெஸ்ட் என்ற புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை இருக்கிறது, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது, அமெரிக்காவில் 2018இல் அனுமதி பெற்ற, ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் எலகோலிக்ஸ் வகை மருந்துகள் இருக்கின்றன. எதுவும் நோயை வேரோடு பிடுங்காது, நிறுத்தினால் பலருக்குத் திரும்பி வரும். இதைத் தெரிந்துகொண்டே தொடங்குவது நல்லது.

ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தத்தில் ஐஎல்-6 பார்த்து எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம் என்கிறார்கள். பார்க்கலாமா?

வேண்டாம். ஐஎல்-6 சளிக்காய்ச்சலுக்கும் ஏறும், ஈறு வீங்கினாலும் ஏறும், உடல் பருமனிலும் ஏறும். ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதல் 2022இல் தெளிவாகவே சொல்லிவிட்டது: நோயைக் கண்டுபிடிக்க ரத்தத்திலோ கருப்பைத் திரவத்திலோ இப்படிப்பட்ட குறிகாட்டிகளை அளக்க வேண்டாம் என்று. சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனைக்கும் இதே பதில்தான், அது மாதவிடாய் நாளில் பார்த்தாலே கூடுதலாகக் காட்டும். அனுபவமுள்ளவர் செய்யும் ஸ்கேன், எம்.ஆர்.ஐ. இரண்டிலும் கட்டிகளும் ஆழமான திட்டுகளும் தெரியும், மேலோட்டமான திட்டுகள் தெரியாமல் போகலாம். ஸ்கேன் சரியாக இருக்கிறது என்பதால் நோயே இல்லை என்று உங்களை அனுப்பிவைத்தால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

என் பெரியப்பா முடக்குவாதத்துக்கு டிஎன்எஃபை அடக்கும் ஊசி போடுகிறார், நன்றாக இருக்கிறார். எண்டோமெட்ரியோசிஸிலும் டிஎன்எஃப் ஏறுகிறது என்றால் அதே ஊசியை எனக்கும் போட்டால் என்ன?

நல்ல கேள்வி. இதையேதான் ஆராய்ச்சியாளர்களும் கேட்டார்கள். பபூன் குரங்குகளில் டிஎன்எஃபை அடக்கிப் பார்த்தபோது திட்டுகள் குறைந்தன, எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களுக்கு இன்ஃபிளிக்ஸிமாப் என்ற, டிஎன்எஃபை அடக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வு 2008இல் வந்தது. மருந்து போட்டவர்களுக்கும் போலி மருந்து போட்டவர்களுக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. என் யூகம், ஒரு சேதியை மறித்தால் அதே தகவலைச் சுமந்துகொண்டு இன்னும் நாலு சேதி வேறு வழியில் போய்விடுகிறது, பழைய திட்டுகளில் இறுகிப்போன தழும்பை இந்த ஊசி தொடுவதும் இல்லை. கிருமித்தொற்று அபாயம் மட்டும் ஊசியோடு இலவசம்.

எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தருவது ஐஎல்-8 பக்கம். ஜப்பானில் ஐஎல்-8ஐப் பிடித்து அடக்கும் ஏஎம்ஒய்109 என்ற நீண்டநாள் வேலை செய்யும் எதிர்ப்புரதத்தைக் குரங்குகளுக்குக் கொடுத்ததில் திட்டுகளும் ஒட்டுதல்களும் தழும்பும் குறைந்ததாக 2023இல் எழுதினார்கள். தழும்பும் குறைந்தது என்பதுதான் முக்கியம். குரங்கில் பலித்தது பெண்களில் பலிக்காமல் போன கதையை இப்போதுதான் மேலே சொன்னேன், அதனால் அளவாகவே சந்தோஷப்படுகிறேன்.

என் மனைவிக்கு இந்த நோய். வலி புரிகிறது. ஆனால் வலி இல்லாத நாளிலும் எப்போதும் களைப்பு, களைப்பு என்கிறாள். சோம்பலா?

காய்ச்சல் வந்தபோது உங்களுக்குக் கை கால் அசதியாக, எழுந்திருக்கவே பிடிக்காமல் இருந்ததே, அது கிருமி செய்ததல்ல. ஐஎல்-6, ஐஎல்-1, டிஎன்எஃப் மூளைக்குப் போய் "படு" என்று சொன்னது. உங்கள் மனைவியின் உடம்பில் அந்த அழற்சி வருடக்கணக்கில் ஓய்ந்ததில்லை. நோயுள்ள பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடிக்கடி கடும் களைப்பு, நோயில்லாதவர்களில் நாலில் ஒருவருக்கும் குறைவு என்று 2018இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 'சோம்பல்' என்ற வார்த்தையை அவரிடம் இதுவரை சொல்லவில்லை என்று நம்புகிறேன்.

மூன்று வருடமாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். கருக்குழாய் அடைப்பில்லை, கணவருக்கும் எல்லாம் சரியாக இருக்கிறது. அழற்சிதான் தடையா?

இருக்கலாம். கருமுட்டை வெளிவந்ததும் கருக்குழாய் அதை அள்ளிக்கொள்வது இந்த வயிற்றறைத் திரவம் சூழ்ந்த இடத்தில்தான். ஐஎல்-6, டிஎன்எஃப் அதிகமுள்ள சூழலில் விந்தணுக்களின் ஓட்டம் குறைவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். கரு பதிய வேண்டிய படலத்திலும் சேதிகள் மாறியிருக்கின்றன, புரோஜெஸ்டிரோன் காது கேளாத கதை அங்கேயும் உண்டு. நோயுள்ளவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்குக் கருத்தரிப்பதில் சிரமம் என்பார்கள். அதைத் திருப்பிப் படித்தால் குறைந்தது பாதிப் பேர் சிரமமில்லாதவர்கள்.

ஒன்றில் கவனமாக இருங்கள். "ஆறு மாதம் ஹார்மோன் ஊசி போட்டு நோயை அடக்கிவிட்டு அப்புறம் முயற்சி செய்யுங்கள்" என்று யாராவது சொன்னால், அதனால் இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுவதில்லை, ஆறு மாதம்தான் போகும். மூன்று வருடம் ஆகிவிட்டது என்கிறீர்கள், கருத்தரிப்பு நிபுணரை உடனே பாருங்கள். ஐவிஎஃபில் (சோதனைக்குழாய் முறையில்) முட்டையும் விந்தணுவும் அந்தத் திரவத்தைக் கடக்க வேண்டிய அவசியமே இல்லை.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி ஒன்று விற்கிறார்கள், சாப்பிட்டால் எண்டோமெட்ரியோசிஸ் குணமாகுமாம்.

மேலே எழுதியதையெல்லாம் படித்துவிட்டுமா? செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஆளுக்கு இன்னொரு குடம் வாங்கிக் கொடுக்கப் போகிறீர்களா? காசு மிச்சம்.

இது கிருமியால் வருகிறது என்று படித்தேன். ஆன்டிபயாடிக் போட்டால் போய்விடுமா?

நீங்கள் படித்தது ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாக இருக்கும், 2023இல் வந்தது. எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களில் 64 சதவீதம் பேரின் கருப்பைப் படலத்தில் ஃபுசோபாக்டீரியம் என்ற கிருமி இருந்தது, நோயில்லாதவர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவு. பொதுவாக வாயில், ஈறில் இருக்கும் கிருமி அது. அது வந்ததும் மேக்ரோஃபேஜ்கள் டிஜிஎஃப்-பீட்டாவை வெளியிடுகின்றன, அந்தச் சேதியைக் கேட்டுப் பக்கத்துச் செல்கள் பெருகி, ஒட்டிக்கொண்டு, நகரும் வகையாக மாறுகின்றன. பாருங்கள், இங்கேயும் கிருமி மட்டும் வந்து நோயைக் கொடுக்கவில்லை, நம் மேக்ரோஃபேஜைப் பேச வைத்துத்தான் காரியம் நடக்கிறது. எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்ததில் திட்டுகள் குறைந்தன. எலிகளுக்கு. நோயுள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தக் கிருமியே இல்லை என்பதையும் அதே கணக்கு சொல்கிறது, அவர்கள் ஆன்டிபயாடிக் போட்டு எதைக் கொல்வது? கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் இந்த ஆய்வைப் பற்றிக் கேளுங்கள், அவரும் படித்திருப்பார்.